தேதி வாங்குதல்

புனேயில் இருந்த ஆண்டுகளில் என் காதில் அதிகம் விழுந்த கேள்வி, "பேட்டன்ட் எடுக்க எவ்வளவு ஆகும்?" என்பதுதான். போசரியிலும் சாக்கனிலும் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். பொறியியல் கல்லூரி இறுதியாண்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். சாம்பார் பொடியும் பருப்புப் பொடியும் அரைத்துப் பொட்டலம் போட்டு விற்கும் ராஸ்தா பேட் நம்மூர்க்காரர்கள் கேட்பார்கள். பதில் சொல்வது சுலபம். தனிநபர் இணையவழியாகத் தாக்கல் செய்தால் காப்புரிமை விண்ணப்பத்துக்கு 1,600 ரூபாய். பெரிய நிறுவனமென்றால் 8,000. வணிகச் சின்னத்துக்குத் தனிநபரும் சிறுதொழிலும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்கள் 9,000. தொகையைச் சொன்னதும் முகம் தெளியும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "எப்போது வரவேண்டும்?" என்று எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதைக் கேட்காமல் போனதால் இழந்தவற்றின் கணக்கு எந்தக் கட்டண அட்டவணையிலும் இருக்காது. சின்னத் தொழில்காரர் தன் கண்டுபிடிப்பையோ கடைப் பெயரையோ பறிகொடுத்தால் சட்டத்தின் கடுமையையும் கையில் காசில்லாததையும் காரணம் சொல்வது வழக்கம். இவ்வளவு காலம் பார்த்த பிறகு நான் வந்திருக்கும் முடிவு வேறு. விவரம் தெரிந்த ஒருவர் முன் போய் உட்காரும் அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு அவர் நாள் குறிக்கத் தாமதிக்கிறார். மற்ற நஷ்டமெல்லாம் அதிலிருந்து கிளைக்கிறது.

குழப்பம் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. புத்தகத்தின் உள்பக்கத்தில் 'காப்புரிமை ஆசிரியருக்கு' என்று அச்சடிக்கிறோம். புதிய மருந்துக்குக் 'காப்புரிமை' கிடைத்தது என்று செய்தித்தாளிலும் எழுதுகிறோம். முன்னது எழுத்தாளரின் பதிப்புரிமை, பின்னது கண்டுபிடிப்பாளருக்கு அரசு தரும் தனியுரிமை. இலங்கைத் தமிழர் பின்னதை ஆக்கவுரிமை என்று பிரித்துச் சொல்வது எவ்வளவோ தெளிவு. பேச்சில் நிலைமை இன்னும் மோசம். ஒரு நடிகரின் வசனத்தைக்கூட 'அது அவரோட பேட்டன்ட்' என்கிறோம். அதனால் கடைப் பெயருக்குப் பேட்டன்ட் வேண்டும் என்று ஒருவர் வருவார், இயந்திரத்துக்கு டிரேட் மார்க் போதுமா என்று இன்னொருவர் வருவார். சொல் தவறுவதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அந்த மூன்று உரிமைகளுக்கும் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன என்பது சொல்லுக்குள் மறைந்துபோவதுதான் கவலை. எழுத்துக்கு, எழுதி முடித்த கணத்தில் உரிமை தானாகவே பிறந்துவிடுகிறது. யாரிடமும் போய் நிற்க வேண்டாம். பெயருக்கு, கடைவீதியில் எவ்வளவு காலம் புழங்குகிறதோ அவ்வளவு வலு. இயந்திரத்துக்கோ நேர் எதிர்: விண்ணப்பம் போடுவதற்கு முன் ஊருக்குக் காட்டினால் உரிமை அங்கேயே செத்துவிடும். பெயர்ப் பலகையைச் சீக்கிரம் மாட்டு என்று கடைக்காரருக்குச் சொல்லும் நல்ல புத்தி, பட்டறைக்காரருக்கு விஷமாகிவிடும். இரண்டையும் ஒரே ஆள் வைத்திருந்தால்? புனேயில் அப்படிப்பட்டவர்கள்தான் ஏராளம்.

இயந்திரத்தின் கடிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் மன்னிக்காத கடிகாரம். 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் கேட்கும் முதல் தகுதி புதுமை. விண்ணப்பத் தேதிக்கு முன் அந்தப் பொருள் உலகில் எங்கேனும் அச்சில் வந்திருக்கக் கூடாது, இந்தியாவில் வெளிப்படையாகப் புழக்கத்தில் இருந்திருக்கக் கூடாது. அதை வெளியிட்டவர் கண்டுபிடித்தவரே என்றாலும் தப்பிக்க வழி மிகக் குறுகலானது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் வைத்தாலோ, அறிஞர் சபையில் கட்டுரையாக வாசித்தாலோ 12 மாத அவகாசம் உண்டு. ஊரில் நடக்கும் சாதாரணத் தொழிற் கண்காட்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. இனி ஒரு போசரி பட்டறையை நினைத்துப் பாருங்கள். பெரிய கார் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர், வார்ப்பைப் பிடித்து வைக்கும் ஒரு ஃபிக்ஸ்சரைப் புதிதாகச் செய்கிறார். முன்னால் நாலு நிமிடம் பிடித்த வேலை ஒன்றரை நிமிடத்தில் முடிகிறது. முதல் காரியமாக அவர் என்ன செய்வார்? பெருமையோடு படம் பிடித்து வாட்ஸாப்பில் நாலு குழுவுக்கு அனுப்புவார். கொள்முதல் அதிகாரி டிராயிங் கேட்டால் கொட்டேஷனோடு சேர்த்து அனுப்புவார். கண்காட்சியில் ஸ்டால் போட்டு ஓட்டிக் காட்டுவார். நாலு பேர் பாராட்டி, ஆர்டர் வந்து, கையில் கொஞ்சம் பணம் புரண்ட பிறகு "இதற்கு ஒரு பேட்டன்ட் எடுத்துவிடலாமே" என்று தோன்றும். அப்போது எடுக்க அங்கே எதுவும் மிச்சமிருக்காது. டிராயிங் கையை விட்டுப் போகும் முன், இதை இரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று ஒரே பக்கத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால் போதும். அல்லது தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைத் தாக்கல் செய்திருந்தால் போதும். அதற்கும் அதே 1,600 ரூபாய்தான். முழு விவரக்குறிப்பை எழுத 12 மாதம் கிடைக்கும், தேதியோ முதல் நாளிலேயே உறுதியாகிவிடும். அதற்குப் பின் வரும் கட்டங்கள், 18 மாதத்தில் இதழில் வெளியாவது, 31 மாதத்துக்குள் ஆய்வு கேட்பது, ஆய்வறிக்கைக்கு ஆறு மாதத்துக்குள் பதில் தருவது, விசாரணைக்கு நாள் வருவது எல்லாம், முறையாகக் குறித்து வைத்துக்கொண்டால் சமாளிக்கக்கூடியவை. முதல் தேதியைத் தவறவிட்டால் அதைத் திரும்ப வாங்கவே முடியாது.

பெரிய நிறுவனங்கள் இதை எப்படிச் செய்கின்றன என்பதற்குப் புனேக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே நடந்த வழக்கைவிட நல்ல சான்று இல்லை. புனே ஆகுர்டியில் தலைமையகம் வைத்திருக்கும் பஜாஜ் ஆட்டோ, ஒரே சிலிண்டரில் இரண்டு தீப்பொறிச் செருகி பொருத்திய எஞ்சினுக்கு 2002 ஜூலை 16 அன்று விண்ணப்பித்தது. அந்த டிடிஎஸ்-ஐ எஞ்சினோடு பல்சர் வண்டி சாலைக்கு வந்தது 2003-இல். முதலில் விண்ணப்பம், பிறகுதான் விற்பனை. இந்த வரிசை ஒன்றுக்காகவே அதை மனப்பாடம் செய்யலாம். 2005 ஜூலையில் காப்புரிமை கிடைத்தது. 2007-இல் ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம் 125 சிசி ஃபிளேம் வண்டியை அறிவித்தபோது தகராறு வெடித்தது. மூன்று வால்வு கொண்ட தன் எஞ்சின் வேறு என்றது டிவிஎஸ். பழைய ஹோண்டா காப்புரிமை ஒன்றையும் எடுத்துக் காட்டியது. 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி பஜாஜுக்குச் சாதகமாகத் தடை தந்தார். 2009 மே மாதத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய அறிவுச்சொத்து வழக்குகளைத் தினந்தோறும் விசாரித்து நான்கு மாதத்துக்குள் முடிப்பதே முறை என்று சொன்னது. வழக்கு உண்மையில் முடிந்தது 2019-இல், இரு தரப்பும் பேசிச் சமரசம் செய்துகொண்டு. 20 ஆண்டு ஆயுளுள்ள காப்புரிமையில் 17 ஆண்டு அதற்குள் கழிந்திருந்தது.

இதைச் சொன்னவுடன் ஒரு நியாயமான மறுப்பு எழும். இரண்டு பெரும் நிறுவனங்களே பத்தாண்டுக்கு மேல் கோர்ட்டில் நின்றன என்றால், போசரிக்காரர் கையில் ஒரு காப்புரிமைப் பத்திரம் இருந்து என்ன பயன்? அவரால் வக்கீல் வைத்து வழக்காட முடியுமா? முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சின்ன ஆளுக்கு அந்தப் பத்திரத்தின் பயன் நீதிமன்றத்தில் இல்லை. கொள்முதல் அதிகாரியின் மேசையில் இருக்கிறது. விண்ணப்ப எண்ணோடு போகிறவரிடம் விலை பேசும் தொனியே மாறும்; உரிமம் என்ற பேச்சை எடுக்க அவருக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும். இன்னொன்றும் உண்டு. அவர் விண்ணப்பம் இதழில் வெளியாகிவிட்டால், அதற்குப் பின் வேறொருவர் அதே பொருளைத் தன் கண்டுபிடிப்பு என்று பதிவு செய்யவிடாமல் அந்தத் தேதி நின்று தடுக்கும். தன் பட்டறையில் பிறந்த பொருளைச் செய்வதற்குத் தானே இன்னொருவரிடம் அனுமதி கேட்கும் நிலை வராமல் இருப்பது சாதாரணப் பாதுகாப்பா?

பெயரின் கடிகாரம் வேறு மாதிரி ஓடும் என்றேன். அதைப் புனே நீதிமன்றத்துக்கு வந்த கோவிஷீல்ட் வழக்கு எல்லோருக்கும் காட்டியது. நாந்தேடைச் சேர்ந்த கியூட்டிஸ் பயோடெக் என்ற சிறு நிறுவனம், 2020 ஏப்ரலில் அந்தப் பெயருக்கு வணிகச் சின்ன விண்ணப்பம் போட்டிருந்தது. புனே ஹடப்சரில் இயங்கும் சீரம் நிறுவனம் விண்ணப்பித்தது ஜூன் மாதத்தில். விண்ணப்பத் தேதியை மட்டும் பார்த்தால் சிறியவர் முந்தியிருக்கிறார். ஆனால் 2021 ஜனவரி இறுதியில் புனே நீதிமன்றம் அவர் கேட்ட தடையை மறுத்தது, ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தடுப்பூசிக்கு அந்தப் பெயரைத் தேர்ந்து 2020 மார்ச்சிலேயே சீரம் வேலையைத் தொடங்கிவிட்டதைக் காட்டும் ஆவணங்கள் இருந்தன என்பதும், நாடே தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பெயரை மாற்றினால் குழப்பம் வரும் என்பதும் அந்த முடிவின் பின்னணி. இங்கே விண்ணப்பத் தேதியைவிட, பெயரை எடுத்துக் கையாளத் தொடங்கிய தேதிக்கு எடை கூடுதலாக இருந்தது. ஆகவே "முதலில் போய்ப் போட்டவனுக்கே பெயர்" என்று கடைவீதியில் சொல்லப்படும் விதி பாதி உண்மைதான். மீதி உண்மை, காகிதத்தில் நிரூபிக்கத்தக்க உபயோகம்.

இந்த இடத்தில்தான் வணிகச் சின்ன விண்ணப்பமான டிஎம்-ஏ படிவத்தின் ஒரு சின்னக் கட்டத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். எந்த நாளிலிருந்து இந்தப் பெயரைப் பயன்படுத்துகிறீர்கள் என்று அது கேட்கும். ஒரு தேதியை இடலாம். அல்லது 'இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறேன்' என்று குறிக்கலாம். தேதி இட்டால் அதற்குப் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் சேர்க்கவேண்டும் என்று 2017-இன் விதிகள் சொல்கின்றன. அந்த ஆதாரத்தைத் தேடும் சோம்பலில் இருபது வருடமாகப் புழங்கும் பெயருக்கு 'இனிமேல்தான்' என்று குறித்துவிடுவது, சம்பாதித்த இருபது வருடத்தையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடுவதற்குச் சமம். நாளை அதே பெயரோடு வேறொருவர் முன் தேதியோடு வந்தால், அவரை எதிர்க்க இவர் சொல்லும் முதல் சொல்லே இவருக்கு எதிரான சாட்சியாகும். தேடினால் ஆதாரம் கிடைக்காமல் போகாது. ஷாப் ஆக்ட் லைசென்ஸின் பழைய நகல், முதல் பில் புக், தீபாவளிக்கு உள்ளூர்ப் பத்திரிகையில் கொடுத்த சின்ன விளம்பரம், பேக்கிங் கவர் அச்சடித்த அச்சகத்தின் ரசீது, இவைதான் ஆதாரம். வகுப்புத் தவறும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 45 வகுப்புகளில் மசாலாப் பொடி 30-ஆவது, உணவகம் 43-ஆவது. பொடியும் விற்று மெஸ்ஸும் நடத்துகிறவர் ஒன்றை மட்டும் பதிந்தால் மற்றது திறந்த வாசலாகக் கிடக்கும்.

பதிவே வேண்டாம், நீண்ட கால உபயோகம் ஒன்றே நம்மைக் காப்பாற்றும் என்று வாதிடுகிறவர்கள் புனே கேம்ப் பகுதியின் பர்கர் கிங் உணவகத்தை மேற்கோள் காட்டுவார்கள். 1990-களின் தொடக்கத்திலிருந்து அந்தப் பெயரில் நடந்துவரும் கடை அது. அமெரிக்க நிறுவனம் இந்தியாவில் பெயரைப் பதிந்தது 1979-இல், முதல் கடையைத் திறந்ததோ 2014-இல். 2011-இல் அது தொடுத்த வழக்கைப் புனே மாவட்ட நீதிமன்றம் 2024-இல் தள்ளுபடி செய்தது. நம் ஊர்க் கடை வென்றதில் நகரம் மகிழ்ந்தது. எனக்கும் அந்த மகிழ்ச்சி உண்டு. ஆனால் வாதமாக அதை ஏற்க என்னால் முடியவில்லை. தீர்ப்பு வர 13 ஆண்டு ஆனது. வந்த சில வாரங்களுக்குள் மும்பை உயர் நீதிமன்றம் அந்தப் பெயரைப் பயன்படுத்த இடைக்காலத் தடை விதித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. ஒரு உணவகம் தன் வாசல் பலகையை மாட்டலாமா, கழற்றலாமா என்று மாறி மாறி உத்தரவுக்குக் காத்திருந்த ஆண்டுகள் அவை. கடையைத் திறக்கும் முன்னரே பதிவேட்டைத் தேடிப் பார்த்திருந்தால் என்று இன்று சொல்வது எளிது. 1990-களில் அந்தத் தேடல் எளிதல்ல, அந்தக் கடைக்காரர்களை நான் குறை சொல்லவும் மாட்டேன். இன்று பதிவேடு எவருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. வணிகச் சின்ன இதழ் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வெளிவருகிறது, அதில் வந்த பெயரை எதிர்க்க நான்கு மாதம் அவகாசம் இருக்கிறது. பலகைக்கு அச்சாரம் கொடுப்பதற்கு முந்திய நாள் பத்து நிமிடம் தேடுவதை இன்று தவிர்க்க யாருக்கும் சாக்கு இல்லை.

எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே, இன்னும் எதற்குப் போய் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது இளைஞர்கள் எழுப்பும் மறுப்பு. இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி. மகாராஷ்டிரத்துக்கான காப்புரிமை அலுவலகமும் வணிகச் சின்னப் பதிவகமும் மும்பையில் இருக்கின்றன. புனேக்காரருக்கு ஒரு காலத்தில் விண்ணப்பம் என்றாலே ஒரு நாள் வேலை கெடும். காலை டெக்கான் குயின் ரயிலில் ஏறி, கவுன்டரில் நின்று, ஒரு தாள் குறைவதாகச் சொன்னால் அடுத்த வாரம் திரும்பப் போகவேண்டும். 2007-இல் இணையத் தாக்கல் வந்தது; கொரோனாவுக்குப் பின் விசாரணைகளும் காணொளியில் நடக்கின்றன. ஆய்வாளர் குறித்த நாளில் பட்டறையில் இருந்தபடியே பதில் சொல்லலாம். இதனால் மிச்சமான நாட்களின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் இணையதளம் ஒரு வாயில், அது வழிகாட்டாது. நீங்கள் இதை ஏற்கெனவே கண்காட்சியில் காட்டிவிட்டீர்களா என்று அது உங்களைக் கேட்காது. இருபது வருடப் பெயருக்கு 'இனிமேல்தான்' என்று குறித்தால், சற்று நில்லுங்கள் என்று சொல்லாது. மென்பொருளை மென்பொருளாகவே எழுதிக்கொண்டு போனால் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவில் மாட்டுவீர்கள் என்று எச்சரிக்காது. கட்டணத்தை வாங்கிக்கொண்டு எண் கொடுக்கும். அந்த எண்ணைப் பார்த்த நிம்மதியில் தவறு நிரந்தரமாகிவிடும். தாக்கல் சுலபமாக ஆக ஆக, தாக்கலுக்கு முந்திய பேச்சின் தேவை கூடியிருக்கிறது என்பதே என் கணிப்பு.

காப்புரிமை முகவர் கேட்கும் பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்கும் நேர்மையாக முகம் கொடுக்க வேண்டும். விவரக்குறிப்பு எழுதுவது கைத்தேர்ச்சி வேண்டும் வேலை. அரசுக் கட்டணத்தைவிட அதற்கு ஆகும் செலவு பல மடங்கு. கோரிக்கைப் பகுதியில் ஒரு சொல் அகலமாக விழுந்தால் பழைய பொருளில் முட்டும், ஒடுக்கமாக விழுந்தால் பக்கத்துப் பட்டறைக்காரர் சுற்றிக்கொண்டு போய்விடுவார். அந்தத் தேர்ச்சிக்குக் கூலி நியாயம்தான். ஆனால் முழு வேலைக்கும் முதல் சந்திப்புக்கும் உள்ள வேறுபாட்டை மக்கள் பார்ப்பதில்லை. எடுக்கலாமா வேண்டாமா, இது காப்புரிமையா சின்னமா வடிவமைப்பா, இன்னும் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம் போதும். ஸ்டார்ட்அப் என்று அங்கீகாரம் பெற்றவர்களுக்கு, விண்ணப்பத்துக்கு உதவும் முகவரின் கூலியை அரசே ஏற்கும் திட்டம் 2016-இலிருந்து இருக்கிறது. புனே பாஷாணில் தேசிய வேதியியல் ஆய்வகத்தின் வளாகத்தை ஒட்டி 2007-இலிருந்து நடக்கும் வென்ச்சர் சென்டர், ஆய்வகத்திலிருந்து தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் கைகொடுக்கிறது. குறை எங்கே என்றால், இவை ஆங்கிலம் பேசும், பட்டம் பெற்ற, ஸ்டார்ட்அப் என்ற சொல் வாயில் வரும் ஆட்களை எட்டுகின்றன. லேத்து முன்னால் நிற்கிறவரை இன்னும் எட்டவில்லை. அவருக்கு அப்பாயின்ட்மென்ட் என்றால் டாக்டர் நினைவுக்கு வருகிறாரே தவிர, தன் கண்டுபிடிப்பு வருவதில்லை.

எல்லாவற்றையும்விட ஆழமான மறுப்பு வேறொரு திசையிலிருந்து வரும். அறிவு பொதுச்சொத்து, அதற்கு வேலி போடுவதே பாவம், நம் மரபில் யார் எதற்கு உரிமை கொண்டாடினார்கள் என்பார்கள். இந்த மனநிலையை நான் மதிக்கிறேன். மருந்து விலையைப் பார்க்கும்போது எனக்கும் அந்தக் கோபம் வரும். நம் சட்டமும் கண்மூடிக்கொண்டிருக்கவில்லை. தெரிந்த மருந்தையே சிறிது மாற்றிப் புதிது என்று கேட்பதை 3(டி) பிரிவும், மரபறிவைக் கேட்பதை 3(பி) பிரிவும் மறுக்கின்றன. ஆனால் பொதுச்சொத்தைக் காப்பதற்கும் தேதி வேண்டும் என்பதைப் புனே மறக்கக்கூடாது. 1995 மார்ச்சில் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்துக்குக் காயம் ஆற்றும் மஞ்சளுக்கென்று அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஈரோட்டிலும் சாங்லியிலும் எந்தப் பாட்டிக்கும் தெரிந்த சங்கதி. அதை எதிர்த்த மத்திய அறிவியல் தொழிலக ஆய்வுக் குழுமத்தின் தலைமையில் அந்த நேரத்தில் இருந்தவர் ரகுநாத் மஷேல்கர். அதற்கு முன் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்து, கட்டுரை வெளியிடும் முன் காப்புரிமை தாக்கல் செய்யுங்கள் என்று விஞ்ஞானிகளிடம் வலியுறுத்தியவர். குழுமம் 1996-இல் அந்தக் காப்புரிமையை எதிர்த்தது. எதிர்த்தபோது பாட்டி சொன்ன சாட்சி எடுபடாது. வெளிநாட்டில் வாய்வழியாகப் புழங்கும் அறிவை அன்றைய அமெரிக்கச் சட்டம் கணக்கில் எடுக்காது. அச்சில் வந்ததுதான் செல்லும். சமஸ்கிருதத்திலும் உருதுவிலும் இந்தியிலும் இருந்த பழைய நூல்களையும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையையும் சேர்த்து 32 ஆதாரங்களை அடுக்கிய பிறகு, 1997-இல் காப்புரிமை ரத்தானது. தலைமுறை தலைமுறையாக நாடே அறிந்த ஒன்றைக் காப்பாற்றியது, தேதியிட்டு அச்சிட்ட காகிதம். பிறகு 2001-இல் மரபறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டதும் இந்தப் பாடத்திலிருந்துதான்.

தன் கண்டுபிடிப்பைத் தாராளமாக ஊருக்கே கொடுக்க நினைக்கிறவருக்கும் ஆகவே நான் சொல்வது அதேதான்: கொடுங்கள், ஆனால் தேதியோடு அச்சில் கொடுங்கள். சும்மா விட்டுவிட்டால் அது ஊருக்குப் போய்ச் சேரும் என்ற உறுதி இல்லை. கூட்டாகக் காக்க வேண்டியதற்கும் வழி இருக்கிறது. மகாதேவ் கோவிந்த் ரானடேயின் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் புனேரி பகடி, அந்தச் சிவப்புத் தலைப்பாகை, 2009-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பதிவகம் நம் சென்னை கிண்டியில் இருக்கிறது. காஞ்சிப் பட்டும் மதுரை மல்லியும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் எழுதப்பட்ட அதே பதிவேட்டில் புனேயின் தலைப்பாகையும் இருக்கிறது. எவரும் தனியாக உரிமை கொண்டாட முடியாத பொருளுக்கு ஒரு சங்கம் முன்வந்து மனுப் போட்டதால் கிடைத்தது அது. காப்புரிமையும் என்றென்றைக்குமான வேலி அல்ல. 2002 ஜூலையில் தொடங்கிய பஜாஜின் 20 ஆண்டு 2022 ஜூலையோடு தீர்ந்துவிட்டது. அந்த எஞ்சினின் வேலை முறை, அளவுகள், படங்கள் எல்லாம் அரசுப் பதிவேட்டில் கிடக்கின்றன. போசரியில் எவரும் எடுத்துப் படிக்கலாம், செய்யவும் செய்யலாம். எழுதி வைக்கப்படாத பட்டறை நுணுக்கம் எத்தனையோ, செய்தவர்களோடு சேர்ந்தே போயிருக்கிறது. அதை நினைக்கும்போது எனக்கு வரும் வருத்தம், காப்புரிமை கிடைக்காமல் போனதை நினைத்து வருவதைவிடப் பெரியது.

அந்த முதல் ஒரு மணி நேரத்துக்காக, மாவட்டத் தொழில் மையத்தில் வாரத்தில் ஒரு நாள், மராத்தியிலும் இந்தியிலும், முடிந்தால் தமிழர் வாழும் ராஸ்தா பேட்டுக்கும் கட்கிக்கும் ஏற்றவாறு தமிழிலும், முன்பதிவு செய்து வந்து பேச ஒரு மேசை போட்டால் எனக்குப் போதும். புதிய சட்டம் வேண்டாம், புதிய மானியம் வேண்டாம். பதிவு செய்யும்போதே அந்த மேசை மூன்று கேள்விகளை அனுப்பி வைக்கலாம்: இதை இதுவரை யாரிடம் காட்டினீர்கள், எந்த நாளில் காட்டினீர்கள், அதற்குக் கையெழுத்து வாங்கினீர்களா. பெயருக்காக வருகிறவர் பழைய பில் புக்கை எடுத்து வரட்டும், முதல் தாளில் கைப்பட எழுதிய தேதி மங்காமல் இருந்தால் அதுவே பாதி வேலை. இயந்திரத்துக்காக வருகிறவர் செல்போனில் இருக்கும் படத்தை எவருக்கும் தள்ளிவிடாமல், சுருட்டி எடுத்த டிராயிங்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்காட்சிக்கு முந்திய வாரமே வந்துவிடட்டும்.